8 லட்சம் டாலர் ஆஃபரை 75 ஆயிரமாக்கிய ஒரு போட்டோ: பேஸ்பால் மெடிக்கல் டெஸ்ட்ல நமக்கு என்ன பாடம்?



நம்ம சேனல்ல டெர்ம் இன்ஷூரன்ஸ் பத்தி எப்போ வீடியோ போட்டாலும் கீழ ஒரு கமெண்ட் கண்டிப்பா வரும். "மெடிக்கல் டெஸ்ட் இல்லாத பாலிசி இருந்தா சொல்லுங்க ப்ரோ." நல்லாத்தானே இருக்கோம், எதுக்கு வீணா ஊசி குத்திக்கணும், எதையாவது கண்டுபிடிச்சு பிரீமியத்தை ஏத்திட்டாங்கன்னா என்ன பண்றதுங்கிற பயம். புரியுது. எனக்கும் அந்தப் பயம் இருந்திருக்கு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னைக்கு உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். பேஸ்பால் தெரியாட்டியும் பரவாயில்லை. ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் ஒருத்தரோட சம்பளத்தை எப்படி மாத்துது, அதுல இருக்கிற ரிஸ்க் யார் தலையில போய் விழுதுங்கிறது இவ்வளவு வெளிப்படையா தெரியற தொழில் எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை.

அந்த போட்டோ

1996. ஆர்.ஏ. டிக்கி, டென்னசி மாநிலத்துக் கல்லூரிப் பையன். பேஸ்பால்ல பந்து வீசுறவரை பிட்சர்னு சொல்வாங்க. டிக்கி நல்ல பிட்சர். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டீம் அவரை முதல் சுற்றிலேயே, மொத்தத்தில் 18-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. கையெழுத்துப் போட்டா 8,10,000 டாலர் போனஸ்னு பேச்சு.

அந்த சமயத்தில் ஒரு பேஸ்பால் பத்திரிகையில், அமெரிக்க அணியின் பிட்சர்களோட டிக்கி நிற்கிற படம் வந்தது. டீமின் மருத்துவக் குழு அந்தப் படத்தைப் பார்த்தது. மத்தவங்க கை நேரா தொங்க, டிக்கியோட வலது கை மட்டும் கொஞ்சம் விநோதமா மடங்கித் தொங்குது. சந்தேகம் வந்து சோதனை பண்ணிப் பார்த்தா, முழங்கையின் உட்புறம் இருக்க வேண்டிய ஒரு லிகமென்ட்டே அவருக்கு இல்லை! நம்ம ஊர்ல ஜவ்வுன்னு சொல்வோமே, அதுதான்.

ஆஃபர் 75,000 டாலருக்கு இறங்கியது. 7,35,000 டாலர் காலி, அதாவது 90 சதவீதத்துக்கு மேல வெட்டு. அதுவரைக்கும் அவர் கை ஒழுங்காத்தான் வேலை செஞ்சிட்டு இருந்தது. அன்னைக்குக் காலையில இருந்த அதே கைதான் சாயங்காலமும் இருந்தது. மாறினது அதைப் பத்தின தகவல் மட்டும்தான்.

ஒரு ஜவ்வுக்கு ஏன் இவ்வளவு பயம்?

மேஜர் லீக் பிட்சர்கள் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தை சர்வசாதாரணமா தொடுவாங்க. கிரிக்கெட் பவுலர் மாதிரி ஓடி வர்றது கிடையாது. நின்ன இடத்துல இருந்து, முழங்கையை மடக்கி, சவுக்கு வீசுற மாதிரி வீசணும். ஒரு ஆட்டத்துல கிட்டத்தட்ட 90, 100 பந்து. அஞ்சாறு நாள்ல மறுபடியும் அதேதான். அந்த இழுவிசையில பெரும்பங்கை முழங்கையின் உட்புற லிகமென்ட் தாங்குது. அது கிழிஞ்சா பழைய வேகம் வராது.

1974 வரைக்கும் அது கிழிஞ்சா பிட்சர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வருஷம் டாமி ஜான் என்கிற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் புதுசா ஒரு ஆபரேஷன் பண்ணினார். உடம்பின் வேறு இடத்தில் இருந்து ஒரு தசைநாரை எடுத்து, கிழிஞ்ச லிகமென்ட் இருந்த இடத்தில் வைத்துத் தைத்தார். 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான் அதுக்கப்புறம் மட்டும் 164 ஆட்டங்களை ஜெயிச்சார். இன்னைக்கு அந்த ஆபரேஷனுக்கே 'டாமி ஜான் சர்ஜரி'ன்னுதான் பேரு. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல மைதானம் பக்கம் வர முடியாது. திரும்பி வர்ற எல்லாரும் பழைய மாதிரி வீசுவாங்கன்னு உத்தரவாதமும் கிடையாது.

இப்போ பணக் கணக்குக்கு வருவோம். மேஜர் லீக்ல பெரிய ஒப்பந்தங்கள் எல்லாம் பொதுவா உத்தரவாத ஒப்பந்தங்கள். கையெழுத்துப் போட்ட மறுநாள் கை போனாலும் முழுச் சம்பளமும் குடுத்தாகணும். அதனாலதான் செய்தியில 'ஒப்பந்தம் முடிவானது'ன்னு வந்தாலும் பின்னாடியே ஒரு வால் ஒட்டிக்கிட்டு இருக்கும்: மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டது.

பிட்சர் டீம் இருக்கிற ஊருக்குப் போவார். பழைய காயங்களோட வரலாறு, மூட்டு எவ்வளவு தூரம் அசையுது, தோள் பலம், தோளுக்கும் முழங்கைக்கும் எம்ஆர்ஐ எல்லாம் பார்ப்பாங்க. நாங்க ஒரு கம்பெனியை வாங்குறதுக்கு முன்னாடி டியூ டிலிஜன்ஸ் பண்ணுவோமே, அதே வேலைதான். கணக்குப் புத்தகத்துக்குப் பதிலா இங்கே எலும்பும் ஜவ்வும்.

எம்ஆர்ஐ ஒண்ணும் ஜாதகம் இல்லை

இந்த டெஸ்ட் எதிர்காலத்தைச் சொல்லிடும்னு நினைச்சா அங்கேதான் தப்பு பண்றோம்.

விளையாட்டுக் காயங்களுக்குப் பேர் போன டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் ஒருமுறை வலி எதுவும் இல்லாத 31 தொழில்முறை பிட்சர்களோட தோளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார். 10 பேர்ல 9 பேருக்கு குருத்தெலும்பில் ஏதோ ஒரு கோளாறு தெரிஞ்சது! எல்லாரும் ஜோரா வீசிட்டு இருந்தவங்க. பல வருஷம் வீசின கையை ஸ்கேன் பண்ணினா ஏதாவது தெரியத்தான் செய்யும்.

ரெண்டு உதாரணம் பாருங்க.

ஜப்பானின் மசாஹிரோ தனகா 2014-ல் நியூயார்க் யாங்கீஸ் டீமோட 7 வருஷத்துக்கு 15.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே வருஷம் ஜூலையிலேயே முழங்கை லிகமென்ட்டில் பாதிக் கிழிசல். பணம் போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. அவர் ஆபரேஷன் பண்ணிக்கலை. சிகிச்சை, ஓய்வுன்னு போய், திரும்பி வந்து 2020 வரைக்கும் ஒப்பந்தம் முழுசையும் ஆடி முடிச்சார்.

வாஷிங்டன் நேஷனல்ஸ் டீமின் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 உலகத் தொடரின் சிறந்த வீரர். அந்த டிசம்பர்லயே 7 வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதுக்கப்புறம் அவர் ஆடினது மொத்தமே 8 ஆட்டம். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல நரம்பு அழுத்தப்படுற பிரச்சினை. 2024-ல் ஓய்வு. சம்பள பாக்கி முழுக்க டீம் தலையில.

கிழிஞ்ச கை ஏழு வருஷம் ஓடியது. உலகத் தொடர் நாயகனோட கை எட்டே ஆட்டத்தில் நின்னுடுச்சு. அப்போ மெடிக்கல் டெஸ்ட் எதுக்கு? இந்தக் கை உடையுமா உடையாதான்னு அது சொல்லாது. இந்த ரிஸ்க்குக்கு என்ன விலை, அதை யார் எவ்வளவு சுமக்கிறதுன்னு பேசுறதுக்கு ஒரு ஆரம்பப் புள்ளி குடுக்கும். அவ்வளவுதான்.

17 வயசுப் பையன் சொன்ன 'நோ'

அந்தப் பேச்சு எவ்வளவு மோசமாப் போகலாம்னு 2014-ல் நடந்த கதையைக் கேளுங்க.

அங்கே இளம் வீரர்களை டிராஃப்ட் முறையில் எடுப்பாங்க. டீம்கள் வரிசையாக ஒவ்வொருத்தரைத் தேர்ந்தெடுக்கும். உங்களை எந்த டீம் எடுத்ததோ, அந்த டீமோட மட்டும்தான் நீங்க பேச முடியும். பிடிக்கலைன்னா அடுத்த டிராஃப்ட் வரைக்கும் காத்திருக்கணும்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நாட்டிலேயே முதல் ஆளாக எடுத்தது, சான் டியாகோவின் பள்ளி மாணவன் பிரேடி ஏகெனை. வயசு 17. 65 லட்சம் டாலருக்கு வாய்மொழி ஒப்பந்தம். மெடிக்கல் பண்ணினாங்க. வலி இல்லை, ஆனா முழங்கை லிகமென்ட் அமைப்பில் சந்தேகம்னு டீம் சொல்லிச்சு. ஆஃபரைப் பாதிக்கும் கீழே, 32 லட்சத்துக்குப் பக்கமாகக் குறைத்தது. பையன் தரப்போ, எங்க டாக்டர்கள் பார்த்துட்டாங்க, கை நல்லாத்தான் இருக்குன்னாங்க. கெடு முடியற நாள்ல டீம் 50 லட்சம் வரைக்கும் ஏறி வந்தது. ஏகென் கையெழுத்துப் போடலை.

2015 மார்ச். புது சீசனின் முதல் ஆட்டத்தில் சில பந்துகள் வீசினதுமே முழங்கையில பிரச்சினை. டாமி ஜான் சர்ஜரி. அந்த ஜூன்ல கிளீவ்லாந்து டீம் 17-வது ஆளாக எடுத்தது. போனஸ் 25 லட்சம் டாலர். மேஜர் லீக் வரைக்கும் அவரால போகவே முடியலை.

பின்னாடி நடந்தது தெரிஞ்சுக்கிட்டு 'பேராசை'ன்னு சொல்றது சுலபம். நான் சொல்ல மாட்டேன். வேணும்னா ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில 50 லட்சம். காத்திருந்தா ஒண்ணு பழைய 65 லட்சம் கிடைக்கும், இல்லைன்னா கை போய் 25 லட்சம். காத்திருக்கிறது லாபமா இருக்கணும்னா கை தாங்குறதுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கணும்? 62.5 சதவீதம். அதுக்கு மேல நம்பிக்கை இருந்தா காகிதத்துல காத்திருக்கலாம்.

ஆனா காகிதக் கணக்கு ஒரு விஷயத்தை விட்டுடுது. ஒரு டீம் பத்து பிட்சர்களை எடுத்தா, மூணு பேர் கை போனாலும் மீதி ஏழு பேர்ல ஈடு கட்டிக்கும். ஏகெனுக்கு இருந்தது ஒரே கை. அவரோட மொத்த சொத்தும் அந்த ஒரு ஜவ்வுலதான். டீமுக்கு அது போர்ட்ஃபோலியோவுல ஒரு பங்கு. பையனுக்கு அதுதான் போர்ட்ஃபோலியோ. சராசரி கணக்கு டீமுக்குப் பொருந்தும், தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது. கையெழுத்துப் போடாததுக்கு வருத்தமில்லைன்னு ஏகென் சர்ஜரிக்கு அப்புறம் எழுதினார். அது அவர் மனசு. ஆனா அந்த முடிவை 17 வயசுல எடுக்க வேண்டியிருந்ததை நினைச்சா எனக்கு வயித்தைக் கலக்குது.

ஆஸ்ட்ரோஸுக்கு என்ன ஆச்சு? கையெழுத்து ஆகாததுக்கு ஈடா அடுத்த வருஷம் ரெண்டாவது இடத்துல இன்னொரு தேர்வு கிடைச்சது. அதுல எடுத்த அலெக்ஸ் பிரெக்மன் 2017-ல் அவங்க உலகத் தொடரை ஜெயிக்கக் காரணமானவர்களில் ஒருத்தர்.

அடிபட்ட இன்னொருத்தர் ஜேக்கப் நிக்ஸ். அவரும் பள்ளி மாணவன்தான். அதே டீமோட 15 லட்சம் டாலருக்குப் பேசி முடிச்சிருந்தார். அவர் கையில குறை இருக்குன்னு யாரும் சொல்லலை. ஆனா ஏகென் கையெழுத்துப் போடாததால டீமுக்கு விதிப்படி இருந்த போனஸ் வரம்பு சுருங்கிடுச்சு. நிக்ஸுக்குப் பேசின பணமும் இல்லாமல் போச்சு. வீரர்கள் சங்கம் முறையீடு செய்து, கடைசியில் சமரசமாச்சு. இன்னொருத்தரோட ஸ்கேன் ரிப்போர்ட் நம்ம போனஸைத் தின்னும்னு எந்தப் பையன் யோசிச்சிருப்பான்?

குமார்னு ஒரு பிட்சர்

பேரைப் பார்த்துட்டு நம்ம ஊர்க்காரரான்னு கேட்காதீங்க. குமார் ராக்கர் அமெரிக்கர்தான், அம்மா இந்திய வம்சாவளி. 2021-ல் நியூயார்க் மெட்ஸ் அவரை 10-வது ஆளாக எடுத்தது. 60 லட்சம் டாலர் பேச்சு. மெடிக்கலுக்கு அப்புறம் டீம் குறைஞ்ச ஆஃபர்கூட குடுக்கலை, அப்படியே விலகிடுச்சு.

அது எப்படி முடிஞ்சது? டிராஃப்ட்டுக்கு முன்னாடியே எம்ஆர்ஐ எடுத்துக் குடுக்கிற திட்டம் ஒண்ணு அங்கே இருந்தது. ராக்கர் அதுல சேரலை. சேர்ந்திருந்தா அந்த இடத்துக்குன்னு நிர்ணயிச்ச தொகையில ஒரு பங்கையாவது டீம் ஆஃபர் பண்ணியாகணும். சேராததால டீம் ஒரு டாலர்கூட ஆஃபர் பண்ணாம விலகி, அடுத்த வருஷத்துக்கான ஈட்டுத் தேர்வையும் வாங்கிக்க முடிஞ்சது.

அந்த செப்டம்பர்ல ராக்கருக்குத் தோளில் ஆபரேஷன் நடந்தது. 2022-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூணாவது ஆளாக எடுத்து 52 லட்சம் டாலர் குடுத்தது. 2023-ல் முழங்கையில டாமி ஜான். 2024 செப்டம்பர்ல மேஜர் லீக் அறிமுகம். மெட்ஸ் பயந்ததுலயும் நியாயம் இருந்தது. ரேஞ்சர்ஸ் துணிஞ்சதுலயும் நியாயம் இருந்தது.

2022-ல் வந்த புது உடன்பாட்டில் இந்த விதி இன்னும் தெளிவாச்சு. முன்கூட்டியே பரிசோதனைக்கு ஒத்துக்கிற முன்னணி இளம் வீரர்களுக்கு, அந்த இடத்துக்கான தொகையில் குறைந்தது 75 சதவீதம் ஆஃபர் பண்ணியாகணும். முன்னாடியே உண்மையைக் காட்டினவனுக்கு ஒரு அடித்தளம் கிடைக்குது. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

நல்ல ஒப்பந்தம் எப்படி இருக்கும்?

எனக்குப் பிடிச்ச டீல் ஜான் லாக்கியோடது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2010 சீசன்ல இருந்து அவருக்கு 5 வருஷம், 8.25 கோடி டாலர் குடுக்க முடிவு பண்ணியது. மெடிக்கல்ல முழங்கையில கவலை. டீம் ஓடவும் இல்லை, விலையைப் பாதியாக்கவும் இல்லை. ஒரு க்ளாஸ் சேர்த்தது. இந்தப் பழைய முழங்கைப் பிரச்சினையால ஆபரேஷன் ஆகி நீண்ட காலம் ஆட முடியாமப் போனா, 2015-ல் ஒரு வருஷம் லீக்கின் குறைந்தபட்ச சம்பளத்துக்கு ஆடணும்.

பயந்த மாதிரியே நடந்தது. டாமி ஜான் சர்ஜரி, 2012 முழுக்க ஆட முடியலை. லாக்கிக்கு அவரோட 8.25 கோடி வந்து சேர்ந்தது. 2013-ல் உலகத் தொடரும் ஜெயிச்சாங்க. அப்புறம் அவரை வாங்கின செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமுக்கு, 2015-ல் ஒரு முதல்தர பிட்சர் 5 லட்சம் டாலர் சொச்சத்துக்குக் கிடைச்சார்.

இன்னொண்ணு ஹிசாஷி இவாகுமா. 2015 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீமோட 3 வருஷம், 4.5 கோடி டாலர் பேச்சு. மெடிக்கல்ல இடிச்சது, டீல் உடைஞ்சது. பழைய டீமான சியாட்டில் மரைனர்ஸ் அவரை ஒரு வருஷத்துக்கு 1.2 கோடி உத்தரவாதத்தோட எடுத்தது. நிறைய ஆடினா அடுத்த வருஷம் தானா நீளும்னு நிபந்தனை. 2016-ல் 33 ஆட்டம் ஆடி 16 வெற்றி. ஒப்பந்தம் நீண்டது. 2017-ல் ஆறே ஆட்டம், தோள் போச்சு. அதுக்கப்புறம் மேஜர் லீக்ல அவர் ஆடவே இல்லை.

பாருங்க, டாட்ஜர்ஸ் டாக்டர் சொன்னது சரி. மரைனர்ஸ் போட்ட டீலும் சரி. ஒரே கை, ஒரே ரிஸ்க். எழுதின விதம்தான் வேற.

சரி, நமக்கு?

மாசம் 40 ஆயிரமோ ஒரு லட்சமோ வாங்குற நீங்களும் ஒரு விதத்துல ஏகென் மாதிரிதான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல உங்க பெரிய சொத்து மியூச்சுவல் ஃபண்ட் இல்லை. அடுத்த 30 வருஷம் சம்பாதிக்கப் போற உடம்புதான். அதனால மூணு விஷயம்.

ஒண்ணு, ஆஃபர் லெட்டர்ல 'மருத்துவத் தகுதிக்கும் பின்னணி சரிபார்ப்புக்கும் உட்பட்டது'ன்னு இருந்தா, அது முடியற வரைக்கும் அந்தச் சம்பளம் உங்களோடது இல்லை. அதை நம்பி இருக்கிற வேலையை விடாதீங்க. இஎம்ஐ போடாதீங்க.

ரெண்டு, உடம்பு நல்லா இருக்கும்போதே இன்ஷூரன்ஸ் எடுங்க. ஹெல்த் பாலிசியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் வைக்கலாம். 26 வயசுல ஆரம்பிச்சா, தேவைப்படுறதுக்கு முன்னாடியே அந்தக் காலம் ஓடிடும்.

மூணு, இதுதான் அந்த கமெண்ட்டுக்குப் பதில். மெடிக்கல் டெஸ்ட்டைத் தவிர்க்கப் பார்க்காதீங்க, எதையும் மறைக்காதீங்க. ஆயுள் காப்பீட்டுல முதல் 3 வருஷத்துக்குள்ள தப்பான தகவல், மறைச்ச நோய்னு கம்பெனி கேள்வி எழுப்ப முடியும். இன்ஷூரன்ஸ் சட்டம் 45-வது பிரிவு அதைத்தான் சொல்லுது. டெஸ்ட்ல ஏதாவது தெரிஞ்சா பிரீமியம் கொஞ்சம் ஏறும். தெரியாம விட்டா, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. உங்க வீட்டுல இருக்கிறவங்கதான் நிக்கணும். ஏறின பிரீமியம் லாக்கியோட க்ளாஸ் மாதிரி. பேசி, எழுதி, ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட விலை அது.

டிக்கி என்ன ஆனார்னு சொல்லலையே! அந்த 75 ஆயிரத்தை வாங்கிக்கிட்டு சேர்ந்தார். பல வருஷம் மேலயும் கீழயும் அலைஞ்சார். வேகமா வீசி வேலைக்கு ஆகலைன்னு, மெதுவா, பந்து சுழலாமல் போற 'நக்கிள்பால்' வீசக் கத்துக்கிட்டார். அதுல கைக்குப் பாரம் குறைவு. 2012-ல், 37 வயசுல, மெட்ஸுக்காக 20 ஆட்டம் ஜெயிச்சு, தன் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். இல்லாத ஜவ்வு கிழியாதே!

எல்லாருக்கும் இப்படி நடக்காது. நடக்கும்னு நம்பி பிளான் போடவும் கூடாது. ஆனா தன் கையில என்ன இல்லைன்னு அவருக்கு 21 வயசுலயே தெரிஞ்சுபோச்சு.

உங்க பாலிசி எடுக்கும்போது மெடிக்கல் பண்ணினீங்களா, ஏதாவது சொன்னதால பிரீமியம் ஏறுச்சா? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல புரொபோசல் ஃபார்மை வரி வரியா எப்படி நிரப்புறதுன்னு பார்ப்போம்.